ஸ்பெஷல் நாடகக்காரர்கள் பாடம் படித்த நேரம்



நாடகம் என்றால் ஒருவர் எழுத வேண்டும், நடிகர்கள் அதை நெட்டுருப் போட வேண்டும், பிறகு ஒரு மாதமாவது ஒத்திகை பார்க்க வேண்டும் என்றுதான் நாம் எண்ணியிருக்கிறோம். பள்ளி ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதும் அப்படித்தான். ஆனால் தமிழ்நாட்டில் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் வட்டாரங்களில் ஒத்திகையே இல்லாமல் விடிய விடிய நடக்கின்ற நாடகம் ஒன்று உண்டு. அதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். கப்பலேறி மலாயாவுக்கு வந்த நம் முன்னோரில் அதை ஊரில் பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. இன்று அந்த நடிகர்களின் வரலாற்றைப் பார்ப்போம். அவர்கள் எப்படி நடித்தார்கள் என்பதைவிட, எப்போது கற்றார்கள் என்பதே நமக்கு வேண்டிய செய்தி. ஒரு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி வாங்குகின்ற ஒருவர், தம் தொழிலில் மேலே வருவதற்கு வேண்டிய நேரத்தை எங்கிருந்து எடுத்தார்? பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இது புரியாத கேள்வியன்று.

ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது. நடிகர் ஒவ்வொருவரும் தனி ஆள். ஓர் ஊரார் கோயில் திருவிழாவுக்கு நாடகம் வைக்க எண்ணினால், ஊர்ப் பெரியவர்கள் பட்டணத்துக்கு வருவார்கள். ராஜபார்ட்டுக்கு ஒருவர், ஸ்திரீபார்ட்டுக்கு ஒருவர், பபூன் ஒருவர், ஆட்டத்துக்கு ஒரு பெண், ஆர்மோனியத்துக்கு ஒருவர், மிருதங்கத்துக்கு ஒருவர் என்று தனித்தனியாகப் பேசி முன்பணம் கொடுப்பார்கள். நடிகர் நாளைக் குறித்துக்கொள்வார். ஒப்பந்தம் அவ்வளவுதான். நடிகர்களின் படம் போட்ட நோட்டீஸ் ஊரெங்கும் ஒட்டப்படும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார். முகத்துக்கு அரிதாரம் பூசுகின்ற நேரத்தில்தான் இருவரும் முதன்முதலாகச் சந்திப்பதும் உண்டு. இரவு 10 மணிவாக்கில் பபூன் மேடைக்கு வருவார். விடிகின்ற வேளையில் முருகனுக்கும் வள்ளிக்கும் திருமணம் முடியும்.

இடையில் பேசுகின்ற பேச்செல்லாம் யார் எழுதியது? கதையும் பாட்டும் எல்லாருக்கும் பொதுவாகத் தெரிந்தவை. பேச்சில் பெரும்பகுதி சொந்தச் சரக்கு. ‘வள்ளி திருமணம்’ நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளி தினைப்புனம் காத்துக்கொண்டிருக்கிறாள். நாரதர் வருகிறார். இருவருக்கும் தர்க்கம் நடக்கிறது. நாரதர் புராணத்திலிருந்து ஒரு கேள்வியைப் போடுவார். வள்ளி அதை மடக்கி, உலக நடப்பிலிருந்து ஒரு பதிலைத் திருப்பிப் போடுவாள். இந்தத் தர்க்கத்தைக் கேட்பதற்கென்றே தூக்கத்தை விட்டுக் காத்திருக்கும் கூட்டம் உண்டு. வள்ளியாக வந்தவருக்குப் பதில் வரவில்லை என்றால், நாரதர் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் காப்பாற்றலாம்; காப்பாற்றாமலும் போகலாம். கூட்டம் சிரித்துவிட்டால், அடுத்த ஆண்டு அந்த ஊர் முன்பணம் வேறொருவர் கைக்குப் போகும்.

இப்படி நின்ற இடத்தில் பேசுவதைப் பிறவி வரம் என்று நம்மவர் சொல்லிவிடுகிறோம். தமிழில் ஆசுகவி என்று ஒரு வகை உண்டு. கேட்ட மாத்திரத்தில் பாடுகிறவர் ஆசுகவி. காளமேகப் புலவரைப் பற்றிய கதைகளெல்லாம் அவர் வாயில் தேவியே வந்து நின்றாள் என்ற பாணியில் இருக்கும். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாடக மேடையின் வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. நாரதர் கேட்கும் கேள்வி அன்றைக்குப் புதியதாக இருக்கலாம். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய பாட்டு, பழமொழி, புராணக் கிளைக்கதை, சிலேடை ஆகியவை நடிகரின் நெஞ்சில் முன்பே அடுக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும். எதை எப்போது எடுப்பது என்பதுதான் அன்றைய இரவு வேலை. அடுக்கி வைத்தது என்றைக்கோ செய்த வேலை. கூலி கிடைப்பதோ அன்றைய இரவுக்கு மட்டும்தான்.

இந்த நடிகர்கள் தம் ஆசானாக வணங்குவது சங்கரதாஸ் சுவாமிகளை. 1867ஆம் ஆண்டு தூத்துக்குடிச் சீமையில் காட்டுநாயக்கன்பட்டி என்ற ஊரில் பிறந்தவர். முதலில் நடிகர். எமன், சனீசுவரன் போன்ற பயங்கர வேடங்களில் நடித்தார். அந்த வேடத்தில் அவரைக் கண்டு ஒரு கர்ப்பிணிப் பெண் அஞ்சி, கருக் கலைந்ததாகவும், அதனால் மனம் நொந்து வேடம் கட்டுவதை விட்டுவிட்டதாகவும் ஒரு செய்தி வழங்கி வருகிறது. பிறகு அவர் நாடக வாத்தியார் ஆனார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் என்று இன்றும் ஸ்பெஷல் மேடையில் ஆடப்படும் நாடகங்கள் அவர் கொடுத்தவை. ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவருடைய மாணவர்கள் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. சுவாமிகளுக்கு மேடையில் இஷ்டம்போல் பேசுகின்ற வழக்கம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வயது வந்த ஸ்பெஷல் நடிகர்கள் பாடத்தை விட்டு விலகிப் பேசுவதும், மேடையிலேயே ஒருவரை ஒருவர் மட்டந்தட்டப் பார்ப்பதும் அவருக்கு வருத்தத்தைத் தந்தன. கட்டுப்பாடாக நாடகம் நடத்த வேண்டுமானால் சிறு பிள்ளைகளைத்தான் பழக்க வேண்டும் என்று முடிவு செய்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியது அப்படித்தான். யாருடைய போக்கு பிடிக்காமல் பாலர் சபை பக்கம் திரும்பினாரோ, அந்த ஸ்பெஷல் நடிகர்களே இன்று அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு மேடை ஏறுகிறார்கள். அதில் தவறில்லை. சொந்தமாகப் பேச வேண்டுமென்றால் கையில் பாடம் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் பட்டறிவால் அறிந்திருக்கிறார்கள்.

பாலர் சபைகள், அதாவது பாய்ஸ் கம்பெனிகள், நடிகருக்கு ஒன்றைத் தாராளமாகக் கொடுத்தன. அதுதான் கற்கும் நேரம். பிள்ளைகள் கம்பெனி வீட்டிலேயே தங்குவார்கள், அங்கேயே சாப்பிடுவார்கள். பாட்டுப் பயிற்சி, வசனப் பாடம், இரவில் நாடகம் என்று நாள் போகும். வாத்தியாரும் அவர்களோடுதான் இருப்பார். பிற்காலத்தில் அவ்வை சண்முகம் என்று புகழ்பெற்ற தி.க. சண்முகம் 1918இல் சுவாமிகளின் சபையில் சேர்ந்தபோது அவருக்கு வயது 6. அண்ணன் தம்பிமாரும் அவருடன் சேர்ந்தார்கள். அந்தச் சகோதரர்கள் 1925இல் தமக்கென்று ஒரு சபையையே தொடங்கிவிட்டார்கள்.

இந்த ஏற்பாட்டை நாம் வாய் ஓயாமல் புகழ்ந்துவிட முடியாது. 6 வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளை. வீட்டில் சோற்றுக்கு வழியில்லாததால் கம்பெனிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். பாட்டு வரவில்லை என்றால் அடி விழும். குரல் உடைகின்ற வயது வந்தால் வேடம் போய்விடும். ஆகவே, கம்பெனி கொடுத்த நேரம் இலவசமான நேரமன்று. பிள்ளைகள் தம் இளமையைக் கொடுத்து வாங்கிய நேரம் அது. தோட்டப் பள்ளியில் பாடம் நடத்துகின்ற நாம் இதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது.

சுவாமிகள் கடைசி நாட்களில் பக்கவாதம் கண்டு பேச்சிழந்தார். 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் காலமானார். அவரிடம் பாடம் கேட்டவர்களில் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் ஒருவர். 1906இல் பிறந்த கிட்டப்பா சிறு வயதிலேயே மேடை ஏறியவர். கொடுமுடியில் 1908இல் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்த சுந்தராம்பாள், வேலு நாயர் கம்பெனியில் பயின்றவர். இருவரும் 1926இல் இலங்கையில், கொழும்பு மேடையில் ஒன்றாக நடித்தார்கள். சேர்ந்து நடித்தார்கள் என்பதைவிட, பாட்டுக்குப் பாட்டு போட்டியிட்டார்கள் என்பது பொருத்தம். கிட்டப்பாவோடு மேடையில் நிற்கும் துணிச்சல் யாருக்கு வரும் என்று பேசப்பட்ட காலம் அது. சுந்தராம்பாள் நின்றார். இருவரும் அந்த இரவுக்கென்று ஒத்திகை பார்த்தவர்களல்லர். ஆனால் இருவருக்கும் பின்னால் கம்பெனியில் பாடம் கேட்ட ஆண்டுகள் இருந்தன. அந்தச் சேமிப்பை எடுத்துத்தான் அன்றைக்குச் செலவு செய்தார்கள். கிட்டப்பா 1933இல் 27 வயதிலேயே மறைந்துவிட்டார்.

ஸ்பெஷல் நடிகர் விசுவநாத தாசையும் இங்கே நினைக்க வேண்டும். 1886இல் சிவகாசியில் பிறந்தவர். முருகன் வேடத்தில் நின்றுகொண்டு, கதைக்கு நடுவிலேயே வெள்ளையர் ஆட்சியைத் தாக்கிப் பாடுவார். போலீசார் எதிரிலேயே பாடுவார். பலமுறை சிறை சென்றார். நாடகம் கட்டுப்பட்ட எழுத்தாக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம். அதில் இருந்த இடைவெளிதான் அவருக்கு இடம் கொடுத்தது. 1940 டிசம்பர் 31ஆம் நாள் இரவு சென்னையில் வள்ளி திருமணம் நாடகத்தில், மயில்மீது முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே உயிர் நீத்தார்.

இவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவரைக் காட்டுவோம். பம்மல் சம்பந்த முதலியார். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். வழக்கறிஞர்; பிறகு நீதிபதியாகவும் இருந்தவர். அவருடைய சபையில் நடித்தவர்கள் பெரும்பாலும் படித்த உத்தியோகக்காரர்கள். பகலில் அலுவல், மாலையில் ஒத்திகை. எழுதிய வசனத்தை எழுதியபடி பேசுவார்கள். தமிழ் நாடகத்துக்கு மதிப்பைக் கொண்டுவந்தவர் என்று சம்பந்த முதலியாரைப் போற்றுகிறோம். உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். நாடகத்தால் பிழைக்காதவருக்கு ஒத்திகைக்கு நேரம் இருந்தது. மாதச் சம்பளம் அந்த நேரத்தை வாங்கிக் கொடுத்தது. நாடகமே பிழைப்பாக இருந்த ஸ்பெஷல் நடிகருக்கு அந்த நேரம் இல்லை. அவருடைய நாடகம் ஒழுங்கற்றது என்று படித்தவர்கள் குறை சொன்னபோது, அவருடைய ஏழ்மையைத்தான் அவர்கள் குறையாகச் சொன்னார்கள் என்பது நம் கருத்து.

1931இல் தமிழில் பேசும்படம் வந்தது. பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகளில் குரலும் முகமும் வாய்த்தவர்கள் சினிமாவுக்குப் போனார்கள். கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. ஸ்பெஷல் நாடகம் மட்டும் கிராமத் திருவிழாக்களைப் பிடித்துக்கொண்டு தங்கியது. ஆனால் அதற்கு நடிகரைத் தயார் செய்து கொடுத்த பள்ளிக்கூடம் போய்விட்டது. இனி ஒவ்வொருவரும் தாமே தேடிக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அவர்கள் தேடிய வழிகள் எளியவை. மூத்த நடிகர் வீட்டுக்குப் போய், வீட்டு வேலையும் செய்துகொடுத்து, பாடம் கேட்டார்கள். அவருடைய பாட்டு நோட்டை வாங்கிப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். தம் வேடம் முடிந்ததும் தூங்கப் போகாமல், மேடை ஓரத்தில் உட்கார்ந்து அடுத்தவர் தர்க்கத்தைக் கேட்டார்கள். ஆர்மோனியக்காரரைச் சிநேகம் பிடித்துக்கொண்டார்கள்; அவருக்குத்தான் எல்லா நடிகர்களின் பாட்டும் தெரியும். விடியற்காலைப் பஸ்ஸில் ஊர் திரும்பும்போது, இரவு பதில் வராமல் நின்ற இடத்தை மனத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். பிற்காலத்தில் ஒலிநாடா வந்தது. அதுவும் ஒரு வாத்தியார் ஆயிற்று.

ஆனால் பெரிய நேரம் எது என்றால், மழைக்காலம். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் கோயில் கொடைகள் நிறைய வரும். நடிகர் ஓர் இரவு ஓர் ஊர், மறு இரவு வேறோர் ஊர் என்று ஓடுவார். பகலில் தூங்குவார். அப்போது புதுப் பாடம் படிக்க உடம்பில் தெம்பு இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் திறந்தவெளியில் நாடகம் நடக்காது. அந்த மாதங்களில் நடிகர் வீட்டில் இருப்பார். நேரம் நிறைய இருக்கும். கையில் காசு இருக்காது. சுவாமிகள் மறைந்த நவம்பர் 13ஆம் நாளும் அந்த மழை மாதத்தில்தான் வருகிறது.

வேலை இருக்கும்போது நேரம் இல்லை. நேரம் இருக்கும்போது சோறு இல்லை. இதை நம் தோட்டத்து நேயர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. விடியற்காலையில் மழை பெய்து மரம் நனைந்திருந்தால் வெட்டு இல்லை. மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் பால் குறைந்தது. அந்தக் காலையில் லயத்து வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஓய்வு கிடைத்தது என்று யாராவது சொன்னால், கேட்டவர் சிரித்திருப்பார். அந்த நேரத்தில் படிப்பதற்கு வயிறும் மனமும் ஒத்துழைக்க வேண்டும். மழை மாதத்தில் பாடம் கேட்கப் போன நடிகர், கடன் வாங்கிக்கொண்டோ மனைவியின் கூலியைச் செலவழித்துக்கொண்டோதான் போயிருக்க முடியும். நாடக வரலாற்று நூல்களில் அந்த மனைவிமார் அதிகம் வருவதில்லை. மனைவியே ஸ்திரீபார்ட்டாக இருந்தால் நிலைமை இன்னும் கடினம். விடிய விடிய வள்ளியாகத் தர்க்கம் பேசிவிட்டு வீடு திரும்புகிறவருக்கு அடுப்பு காத்துக்கொண்டிருக்கும். 4 மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடிய நம் தாய்மார்களிடம் கேட்டால், பாடம் படிக்கும் நேரம் எங்கே போயிற்று என்பதைச் சொல்வார்கள்.

மலாயாவில் இந்தப் பெரட்டு மணி அடிக்கத் தொடங்கிய இடங்களில் நம் மலாக்காவும் ஒன்று. தான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். இந்நாட்டில் வியாபார முறையில் ரப்பர் பயிரிட்டது அதுதான் முதல். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய தோட்டம் எழுந்தது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களிலும் தோட்டங்கள் பெருகின. குளிர்ந்த விடியற்காலையில்தான் பால் நன்றாக ஓடும். ஆகவே மனிதரின் நாள் மரத்தின் நாளாயிற்று. நண்பகலுக்குப் பின் பால் கொட்டி முடித்தவர்களுக்கு மாலை மிஞ்சியது. கோயில் திருவிழாவுக்கு நாடகம் போட்டவர்கள், பஜனை பாடியவர்கள், உறுமி பழகியவர்கள் எல்லாரும் அந்த மாலையைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். இலங்கை மலையகத்தில் தேயிலை பறித்த நம்மவர் மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடியதும் அப்படித்தான். வேலையாள் ஒருவரே வாத்தியார். மாலையும் இரவும்தான் பள்ளிக்கூடம்.

இந்தியாவிலிருந்து நாடகக்காரர்கள் இலங்கை, பர்மா, மலாயா என்று கப்பலேறி வந்தார்கள். அதற்கு முன்பே பம்பாயிலிருந்து பார்சி நாடகக் கம்பெனிகள் புறப்பட்டிருந்தன. அவர்களுடைய திரைச்சீலையும் ஆர்மோனியமும் பாட்டும் தஞ்சாவூர்ப் பக்கம் போய்த் தமிழ் நாடகத்தை மாற்றின. பினாங்கில் இறங்கி மலாய் நாடகத்தையும் மாற்றின. 1885 வாக்கில் பினாங்கில் மாமாக் பூஷி என்பவர் தொடங்கிய பங்சாவான் கம்பெனி, மலாய் மொழியில் அதே பாணியில் ஆடியது. பங்சாவானிலும் எழுதிய வசனம் கிடையாது. இன்னின்ன காட்சி என்று கதையை மட்டும் சொல்லிவிடுவார்கள். நடிகர்கள் மேடையில் நின்று பேசிக்கொள்வார்கள். ஒரே விதையிலிருந்து முளைத்த இரண்டு மரங்கள் என்று ஸ்பெஷல் நாடகத்தையும் பங்சாவானையும் சொல்லலாம். சினிமா வந்து இரண்டின் கூட்டத்தையும் பிரித்துக்கொண்டது.

மேல்நாட்டிலும் இப்படி ஒரு கலை உண்டு. அமெரிக்காவில் சிக்காகோ நகரில் வயோலா ஸ்போலின் என்ற பெண்மணி, வேறு நாடுகளிலிருந்து குடியேறிய ஏழைகளின் பிள்ளைகளுக்கு விளையாட்டு மூலம் நடிப்புச் சொல்லிக் கொடுத்தார். முன்கூட்டி எழுதாமல், அந்த நேரத்தில் பேசி நடிக்கும் விளையாட்டுகள். அவற்றை 1963இல் நூலாகவும் வெளியிட்டார். அவர் மகன் சேர்ந்து தொடங்கிய ‘செகண்ட் சிட்டி’ நாடகக் குழு 1959 முதல் அதே நகரில் அதைத் தொழிலாகவே நடத்துகிறது. அங்கேயும் தனித்தனியாகப் பிழைக்கும் நடிகர்கள், மேடை இல்லாத மாலையில் ஓர் இடத்தில் கூடி, தம் கைக்காசைப் போட்டு ஓர் ஆசானை அமர்த்திப் பழகுவதுண்டு. வசனமே இல்லாத நாடகத்துக்குப் பயிற்சி எதற்கு என்று அங்கேயும் கேட்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

நமக்கும் அந்தக் கேள்வி புதியதல்ல. பயிற்சிக் கல்லூரியில் நமக்குப் பாடக் குறிப்பு எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். சிறு தோட்டப் பள்ளிக்கு வந்தால், ஓர் அறையில் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து நடத்த வேண்டியிருக்கும். ஒரு பக்கம் கணக்கு, மறு பக்கம் வாசிப்பு. அப்போது குறிப்பு மேசைமேல் கிடக்கும். வாய்க்கு வந்தபடிதான் பாடம் நடக்கும். வாய்க்கு ஏதாவது வந்தது என்றால், அது குறிப்பு எழுதிய இரவுகளால் வந்தது.

இன்று தோட்டங்கள் பலவற்றில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம் குடும்பங்கள் பெரும்பாலும் பட்டணங்களில் இருக்கின்றன. ஆனால் ஓர் இரவுக்குக் கூப்பிடப்படும் கலைஞர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. பட்டிமன்றத்தில் பேசுகிறவர், திருமண மண்டபத்தில் நிகழ்ச்சியை நடத்துகிறவர், கோயில் திருவிழாவில் நகைச்சுவை செய்கிறவர். பகலில் தொழிற்சாலையிலோ கடையிலோ வேலை செய்துவிட்டு மாலையில் மேடைக்கு வருகிறவர்கள் அவர்கள். கோயில் நிர்வாகத்தில் இருக்கின்ற பெரியவர்களுக்கு ஒரு செய்தி. ஸ்பெஷல் நாடகத்தில் ஊரார் முன்னதாகவே வந்து முன்பணம் கொடுத்து நாள் குறித்தார்கள் என்று சொன்னோமல்லவா? அது வெறும் பண விஷயமன்று. இன்ன தேதியில், இன்ன ஊரில், இன்னாருக்கு எதிராகப் பேச வேண்டும் என்று தெரிந்துவிட்டால், நடிகர் தம்மைத் தயார் செய்துகொள்வார். எதிரே வரும் நாரதர் எப்படிப்பட்டவர் என்று விசாரித்துக்கொள்வார். நம் பக்கத்தில் சில இடங்களில் வெள்ளிக்கிழமை கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறார்கள். பழைய நகைச்சுவையையே சொல்கிறார் என்று பிறகு குறையும் சொல்கிறார்கள்.

மலாக்காவிலேயே இந்த வகைக் கலை ஒன்று உயிரோடு இருக்கிறது. அதன் பெயர் டொண்டாங் சாயாங். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, எடுத்துக்கொண்ட பொருளில் பந்துன் பாட்டுகளை மாற்றி மாற்றிப் பாடுவார்கள். ஒருவர் பாடிய நாலடிக்கு மற்றவர் நாலடியில் பதில் சொல்ல வேண்டும். முதல் இரண்டு அடி சாடை. பின் இரண்டு அடி கருத்து. இயைபும் பொருந்தி வர வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்து லாவணியில், மன்மதன் எரிந்தான் என்று எரிந்த கட்சியும், எரியவில்லை என்று எரியாத கட்சியும் பாடும் போட்டியைக் கேட்டவர்களுக்கு இதன் சுவை உடனே பிடிபடும். நல்ல பாடகர் நூற்றுக்கணக்கான பந்துன்களை மனத்தில் வைத்திருப்பார். புதியதைக் கட்டும்போதும் பழையதன் எலும்பின் மேல்தான் கட்டுவார். பாட்டின் நடை மெதுவானது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் வயலின் புகுந்து நிரப்புகிறது. பாடகர் அதற்குள் அடுத்த சொல்லைப் பிடித்துவிடுகிறார். வள்ளிக்கு ஆர்மோனியம் செய்கின்ற அதே உதவியை இங்கே வயலின் செய்கிறது.

இந்தப் பாட்டை மலாய்க்காரர் மட்டும் பாடுவதில்லை. பாபா நோன்யாக்களும், போர்த்துகீசிய வழியினரும், காஜா பெராங்கில் வாழ்கின்ற மலாக்காச் செட்டிகளும் பாடுகிறார்கள். செட்டிகளின் முன்னோர் தமிழகத்திலிருந்து சுல்தான்கள் காலத்திலேயே வணிகத்துக்கு வந்தவர்கள். 1781இல் பொய்யாத விநாயகர் கோயிலைக் கட்டியவர்கள் இவர்கள்தாம். வீட்டு மொழி மலாயாக மாறிவிட்டாலும் கோயிலை விடவில்லை. பந்துன் அவர்கள் வீட்டில் பெரியவர்கள் வாயிலிருந்து பிள்ளைகள் காதுக்கு வந்த சொத்து. யுனெஸ்கோ 2018இல் டொண்டாங் சாயாங்கை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பதிவில் மலாய்க்காரர், பாபா நோன்யா, போர்த்துகீசியர் ஆகியோரோடு மலாக்காச் செட்டிகளின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது.